கரண்ட் போனாலும் கோல் அறுபடாத இணைப்பு எது? ஃபைபர், 4ஜி, ஸ்டார்லிங்க்

கொழும்பு வெள்ளவத்தையிலேயே ஒரு ஒழுங்கையிலிருந்து இன்னொரு ஒழுங்கைக்கு வீடு மாறியபோது இணைய இணைப்பையும் புதிதாக எடுக்க வேண்டி வந்தது. லண்டனில் இருக்கும் ஒரு குழுவுக்காக வீட்டிலிருந்து நிரல் எழுதுகிறேன். அவர்களுக்குக் காலை 9 மணி என்றால் எனக்குப் பிற்பகல் 1.30, குளிர்காலத்தில் 2.30. அதிலிருந்து இரவு வரை கோல், கோட் ரிவியூ, தூரத்து சேர்வரில் வேலை என்று இணைப்பு விடாமல் இருக்க வேண்டும். ஃபைபர் (கண்ணாடி இழையில் வரும் இணையம்), 4ஜி ரவுட்டர், ஸ்டார்லிங்க் (செய்மதி இணையம்) மூன்றையும் விசாரித்துவிட்டு ஃபைபரைத்தான் எடுத்தேன். இன்னொருமுறை வீடு மாறினாலும் அதைத்தான் எடுப்பேன். காரணம் வேகம் இல்லை, மின்சாரம்.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒரு வீடியோ கோலுக்கு அப்லோட் விநாடிக்கு 3, 4 மெகாபிட் கிடைத்தால் தாராளம். மூன்றுமே சாதாரண நாளில் அதைத் தரும். டொக்கர் இமேஜ் மாதிரிப் பெரிய கோப்பு இறக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும், அந்த நேரத்தில் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போடலாம். விலையை நான் எழுதினால் அடுத்த மாதமே பழசாகிவிடும். மாத அளவு எவ்வளவு, அது முடிந்தபின் வேகம் எவ்வளவுக்கு இறங்கும் என்ற இரண்டையும் பக்கேஜ் எடுக்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள். தாமதம் என்று பார்த்தால் கொழும்பிலிருந்து லண்டனுக்கு ஒரு தரவுப் பொதி போய் வரவே 150 மில்லிசெக்கனுக்கு மேல் ஆகும். அதில் பெரும்பகுதி கடலடி கேபிளில் கழிவது. வீட்டு வாசலில் எதை மாற்றினாலும் அது குறையாது.

இனி மின்சாரம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள். அந்தக் காலம் போய்விட்டது என்று நினைத்திருக்க, 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததில் நாடு முழுக்க இருண்டது. நுரைச்சோலை அனல்மின் நிலையமும் நின்றுபோனதால் அடுத்த நாட்களில் ஒன்றரை மணித்தியாலம் சுழற்சி முறையில் வெட்டு நடந்தது. இவை பெரிய சம்பவங்கள், எல்லாருக்கும் நினைவிருக்கும். ஆனால் என் வேலையைக் குழப்புவது இவற்றை விடச் சின்னது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமழையோடு வரும் ஒரு விநாடி வெட்டு. லைட் ஒருதரம் அணைந்து எரியும், மின்விசிறி நிற்கக்கூட நேரம் இருக்காது. லப்டொப்புக்குள் பற்றரி இருப்பதால் அதுவும் ஓடிக்கொண்டிருக்கும். ரவுட்டர் மட்டும் அணைந்து, திரும்ப எழும்பி, கொம்பனியோடு கதைத்து, முகவரி வாங்கி, வைஃபையைத் திறக்க இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும். அதற்குள் கோல் அறுந்திருக்கும், சேர்வரில் திறந்திருந்த செஷனும் போயிருக்கும். ஜெனரேற்றர் உள்ள மாடிவீடுகளிலும் இதே கதைதான். அது எழும்ப எடுக்கும் பத்துப் பதினைந்து விநாடி ரவுட்டர் சாகப் போதும். பல கட்டடங்களில் ஜெனரேற்றர் லிஃப்டுக்கும் படிக்கட்டு லைட்டுக்கும் மட்டும்தான்.

ஆகவே நான் கேட்ட கேள்வி இது: என் மேசையிலிருந்து கொம்பனியின் நிலையம் வரை எத்தனை இடத்தில் கரண்ட் தேவைப்படுகிறது? அந்த இடங்களில் எத்தனையை நான் காப்பாற்ற முடியும்?

ஃபைபரில் இதற்கு மிக நல்ல பதில் இருக்கிறது. இங்கே வீடுகளுக்கு வரும் ஃபைபர் பொதுவாக ஜிபொன் முறை. நிலையத்திலிருந்து வரும் ஒரு கண்ணாடி இழையின் ஒளியை வழியில் ஒரு பிரிப்பான் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பங்கிடும். அந்தப் பிரிப்பானும் கண்ணாடிதான், அதற்கு மின்சாரமே வேண்டாம். தூணில் தொங்கும் பெட்டிக்கும் வேண்டாம். நிலையத்தில் பற்றரியும் ஜெனரேற்றரும் இருக்கும், அது அவர்கள் பொறுப்பு. மிச்சம் என் வீட்டுச் சுவரில் இருக்கும் ஒரே ஒரு பெட்டி. ஒழுங்கை முழுக்க இருண்டாலும் அந்தப் பெட்டிக்கு 12 வோல்ட் கொடுத்தால் இணையம் இருக்கும்.

அந்த 12 வோல்டைத் தருவதுதான் மினி யூபிஎஸ். 2022க்குப் பிறகு கொழும்பில் கணினிக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிற, கையடக்கமான பற்றரிப் பெட்டி. வாங்கும்போது கவனிக்க வேண்டிய விஷயம் அதன் மேல் எழுதியிருக்கும் 8800 மில்லியம்பியர் மணி என்ற எண். அது உள்ளே இருக்கும் லிதியம் செல்லின் 3.7 வோல்டுக்கான கணக்கு. பெருக்கினால் ஏறக்குறைய 32 வாட்-மணி. 12 வோல்டாக உயர்த்தும்போது கொஞ்சம் வீணாகும், 27, 28 மிஞ்சும். என் ரவுட்டர் 9 வாட் அளவில் இழுக்கிறது. அப்படியென்றால் மூன்று மணித்தியாலம், நடைமுறையிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் வருகிறது. ஒன்றரை மணித்தியால வெட்டுக்குத் தாராளம், ஒரு விநாடி வெட்டு ரவுட்டருக்குத் தெரியவே தெரியாது. ரவுட்டரின் அடப்டரைத் திருப்பிப் பார்த்து 12 வோல்ட்தானா, எத்தனை அம்பியர், பிளக் எந்த அளவு என்ற மூன்றையும் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். 9 வோல்ட் ரவுட்டர்களும் இருக்கின்றன, மாறிக் கொடுத்தால் கருகிவிடும்.

பராமரிப்பு என்று இருப்பதும் இந்தப் பெட்டிக்குத்தான். எந்நேரமும் முழுச் சார்ஜில், கொழும்பு வெக்கையில் கிடக்கிறது. இரண்டு வருடம் போனால் மூன்று மணித்தியாலம் ஒன்றரையாகக் குறையும். நான் மாதம் ஒருதரம் சுவர் பிளக்கைக் கழற்றிவிட்டு எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்கிறேன். ரவுட்டரின் மேல் அதை வைக்கக்கூடாது, இரண்டின் சூடும் சேரும். பெட்டி வீங்கினால் செல்லை மட்டும் மாற்றிப் பார்க்கலாம் என்று யோசிக்காமல் அகற்றிவிடுங்கள். லிதியத்தோடு விளையாட்டு வேண்டாம்.

சுழற்சி வெட்டு நடந்த நாட்களில் ஒன்றில் மேல்மாடி அன்ரி கதவைத் தட்டினார். “தம்பி, உங்கட வீட்டில மட்டும் எப்பிடி வைஃபை இருக்கு? பிள்ளைக்கு ஒன்லைன் வகுப்பு.” பையன் எங்கள் வீட்டு மேசையில் இருந்து வகுப்பை முடித்தான். அடுத்த கிழமை அவர்களும் ஒன்று வாங்கிவிட்டார்கள்.

ஃபைபரின் பலவீனம் இழை அறுவது. ஒழுங்கைக்குள் உயரமான லொறி வந்தால், மழையில் ஒரு கிளை விழுந்தால், கேபிள் போய்விடும். ரவுட்டரில் சிவப்பு லைட் எரியும், பிறகு யாராவது வரும்வரை செய்வதற்கு ஒன்றும் இல்லை. பழைய வீட்டில் ஒருமுறை நாட்கணக்கில் காத்திருந்தேன். ஒவ்வொரு முறை அழைக்கும்போதும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் வந்தவரின் வேலையைப் பார்த்தபோது மனம் ஆறியது. படிக்கட்டில் குந்தியிருந்து கேபிளின் உறையை உரித்தார், இழையை மதுசாரத்தால் துடைத்தார், சின்னக் கத்தி ஒன்றால் நேராக வெட்டினார். உறை நீங்கிய கண்ணாடி 125 மைக்ரோமீற்றர் தடிப்பு. ஒளி போவது அதன் நடுவில் 9 மைக்ரோமீற்றர் அளவில்தான். இரண்டு முனையையும் ஒட்டும் கருவிக்குள் வைத்ததும் சின்னத் திரையில் இரண்டு குழாய்கள் போலத் தெரிந்தன. கருவி தானாகவே அவற்றை நேர்ப்படுத்தி ஒரு மின்பொறி விட்டது, கோடு மறைந்து ஒன்றாகிவிட்டது. மேலே ஒரு சின்ன உறையைச் சூடாக்கி இறுக்கிவிட்டு எழும்பினார். மழையில் தூணில் ஏறி இறங்கி இவ்வளவு நுட்பமான வேலை செய்கிறவர்களுக்கு ஒரு குளிர்பானமாவது கொடுங்கள்.

இழை அறாமலே பலவீனமாவதும் உண்டு. பிரவுசரில் திறக்கும் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில், இழையில் வரும் ஒளியின் அளவு டிபிஎம் என்ற அலகில் இருக்கும். மைனஸ் 20ஐ ஒட்டி இருந்தால் கவலையில்லை, மைனஸ் 27ஐத் தாண்டினால் இணைப்பு விட்டு விட்டு வரும். அலுமாரியைச் சுவரோடு தள்ளி வைத்ததில் மஞ்சள் ஃபைபர் வயர் கூராக மடிந்து அந்த அளவு இறங்கிய வீட்டை நான் கண்டிருக்கிறேன். நிமிர்த்தியதும் சரியாகிவிட்டது. கொம்பனிக்கு அழைக்க முதல் இதைப் பாருங்கள்.

4ஜி ரவுட்டரின் பெரிய வசதி, சுவரில் துளை போட வேண்டியதில்லை. வாடகை வீட்டில் அது சின்ன விஷயம் இல்லை. வீட்டுக்காரர் சம்மதிக்காவிட்டால் வேறு வழியும் இருக்காது. அதையும் மினி யூபிஎஸ்ஸில் ஓட்டலாம். ஆனால் என் கேள்வியில் அது தோற்றுப்போகிறது. கோபுரத்திலும் கரண்ட் தேவை. அங்கே பற்றரி இருக்கிறது, ஆனால் வெட்டு நீண்டால் அது தீரும், அடுத்த வெட்டுக்கு முதல் முழுதாகச் சார்ஜ் ஏறாது. 2022இல் ஜெனரேற்றருக்கு டீசலும் தட்டுப்பட்டது. கோபுரம் நிற்கும்போதும், வெட்டு வந்த நிமிடமே வைஃபை இழந்த ஒழுங்கை முழுக்க ஃபோன் டேட்டாவுக்குத் தாவும். ஃபோனில் சிக்னல் கோடுகள் நிறைந்திருக்கும், வேகம் இருக்காது. எனக்கு அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் எல்லாருக்கும் தேவைப்படுகிறது. ஆகவே 4ஜியை நான் இரண்டாவது வழியாகத்தான் வைத்திருக்கிறேன்: ஃபைபர் தரும் கொம்பனி இல்லாத இன்னொன்றின் சிம், ஃபோனில் ஹொட்ஸ்பொட். இழை அறுந்த நாட்களில் அது கைகொடுத்தது. சிவப்பு லைட் எரியும் நேரத்தில் ஒழுங்கையில் கரண்ட் இருக்கும், கோபுரமும் நெருக்கடி இல்லாமல் இருக்கும். இரண்டு கோளாறும் ஒரே நேரத்தில் வருவது அரிது.

ஸ்டார்லிங்க் 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்தது. என் வீட்டில் அது இல்லை, பண்டாரவளையில் அத்தான் வீட்டில் சில நாள் வேலை செய்து பார்த்த அளவுதான் என் அனுபவம். கோல்கள் நன்றாகவே போயின. கடும் மழை கொட்டிய ஒரு பின்னேரம் சில நிமிடம் போய்ப் போய் வந்தது. மழைத்துளி அந்த அலையை உறிஞ்சுவதால் அது எதிர்பார்க்கக்கூடியது. செய்மதி சில நூறு கிலோமீற்றர் உயரத்திலேயே இருப்பதால் தாமதம் பழைய செய்மதி இணைப்புகள் மாதிரி இழுபடவில்லை. தரையில் நமக்கும் அதற்கும் இடையில் தூணோ கேபிளோ இல்லை என்பது மலையகத்தில் பெரிய விஷயம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் மண்சரிவுகள் வீதிகளோடு கேபிள்களையும் கொண்டுபோனதைப் பார்த்த பிறகு அதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

வெள்ளவத்தையில் கணக்கு வேறு. ஸ்டார்லிங்க் தட்டுக்குத் திறந்த வானம் வேண்டும். நாலாம் மாடியில் பல்கனி மட்டும் உள்ளவருக்கு மேலே இன்னொரு பல்கனி இருக்கும். மொட்டைமாடியில் வைக்க நிர்வாகக் குழுவின் அனுமதி வேண்டும். மின்சாரம் என்று பார்த்தால் வழமையான தட்டு 75 முதல் 100 வாட் வரை இழுக்கும், அதாவது என் ஃபைபர் பெட்டியின் எட்டு மடங்குக்கு மேல். கணினிக்கு வைக்கும் 12 வோல்ட் 7 அம்பியர்-மணி பற்றரி யூபிஎஸ் ஒன்றில் ஓட்டினால் அரை மணித்தியாலம் வந்தாலே பெரிய காரியம். மினி என்ற சிறிய தட்டு 25 முதல் 40 வாட், அதைக் கொஞ்சம் பெரிய லிதியம் பெட்டியில் சமாளிக்கலாம். சூரியத் தகடும் பற்றரியும் ஏற்கெனவே உள்ள வீட்டில் இந்த வாதம் முழுக்க மாறிவிடும். அத்தான் வீடு அப்படிப்பட்டதுதான். ஃபைபர் எட்டாத கிராமத்திலிருந்து இந்த வேலை செய்ய நினைக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு நான் முதலில் சொல்வது ஸ்டார்லிங்க்தான்.

கொழும்பில் மாடிவீடு பார்க்கப் போகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள். கட்டடத்துக்கு ஃபைபர் இருக்கிறது என்று சொன்னால், அந்த இழை வீட்டுக்குள் வரைக்கும் வருகிறதா, அல்லது கீழே ஒரு சுவிட்சில் முடிந்து அங்கிருந்து செம்பு வயரில் மேலே வருகிறதா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் கீழே உள்ள சுவிட்சுக்கும் கரண்ட் வேண்டும், உங்கள் மினி யூபிஎஸ் பயன்படாது. அந்தச் சுவிட்ச் ஜெனரேற்றரில் இருக்கிறதா, அதற்கென்று யூபிஎஸ் உண்டா என்று காவலாளியிடமோ பராமரிப்புக்காரரிடமோ கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். நான் பார்த்த வீடுகளில் ஒன்றை இதற்காகவே விட்டேன், வாடகை குறைவாக இருந்தும்.