பெட்டியில் போட்ட லிட்டர் கணக்கைக் காட்டி விற்றார்கள்: சம்ப் பம்ப் வாங்குபவர்கள் கவனிக்கவும்

அடித்தளத்தில் தண்ணீர் ஊறும் வீடு எங்களுடையது. ஊறும் தண்ணீர் வந்து சேரும் குழியிலிருந்து அதை வெளியேற்றும் பழைய சம்ப் பம்ப் ஓய்ந்துபோனதால் புதிது மாட்டச் சொன்னோம். பம்பைத் தேர்ந்தெடுத்ததும் கடைக்காரர்தான், ஃபிட்டரை அனுப்பியதும் அவர்தான். அடுத்து வந்த பெருமழையில் அடித்தளம் முழுக்கக் கணுக்கால் அளவு தண்ணீர். இதே பேச்சை உங்களிடமும் பேசுவார்கள் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

குழி எவ்வளவு அகலம், தண்ணீரை எவ்வளவு உயரம் ஏற்ற வேண்டும் என்று அளந்தே சொல்லியிருந்தேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெட்டியைத் திருப்பி, "மணிக்கு 15,000 லிட்டர் சார், ஹெட் 8 மீட்டர், 1 ஹெச்பி, இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார். அந்த இரண்டு எண்களும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது. 15,000 லிட்டர் என்பது தண்ணீரை மேலே ஏற்றாமல் அப்படியே வெளியே தள்ளினால் கிடைப்பது. ஹெட் என்பது பம்ப் தண்ணீரை ஏற்றும் உயரம்; 8 மீட்டர் என்பது அந்த உயரத்துக்குப் போனால் ஒரு சொட்டுகூட வெளியே வராது என்கிற எல்லை. உங்கள் வீட்டு உயரம் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். அந்த உயரத்தில் எவ்வளவு வரும் என்பதைக் கையேட்டில் உள்ள வளைகோட்டு வரைபடம்தான் சொல்லும். எங்கள் உயரத்துக்கு அதில் கிட்டத்தட்டப் பாதிதான் இருந்தது. அதிலும் ஃபிட்டர் பம்பின் ஒன்றரை அங்குல வாயில் ரெடியூசர் (அளவைக் குறைக்கும் இணைப்பு) போட்டு ஒரு அங்குல பைப்பை இழுத்து, நாலைந்து எல்போ (வளைவு இணைப்பு) வேறு வைத்திருந்தார். பைப் குறுகக் குறுக, வளைவு கூடக் கூட உராய்வு ஏறும், வரத்து இன்னும் குறையும்.

இதைவிடப் பெரிய அநியாயம் ஃப்ளோட் சுவிட்ச்சில், அதாவது தண்ணீர் ஏறினால் பம்பை ஓடவிட்டு, இறங்கினால் நிறுத்தும் மிதவையில். ஒயரில் கட்டித் தொங்கும் மிதவை ஊசலாடி ஏறி இறங்க இடம் வேண்டும். எங்கள் குழி ஒன்றரை அடி அகலம்கூட இல்லை. இப்படிப்பட்ட குழிக்குத் தண்டில் செங்குத்தாக ஏறி இறங்கும் மிதவைதான் பொருந்தும். மழையன்று மிதவை மேலே போய் பைப்புக்கும் சுவருக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. தண்ணீர் வடிந்த பிறகும் அது இறங்கவில்லை, பம்பும் நிற்கவில்லை. நீரில் மூழ்கி ஓடும் பம்புக்குச் சுற்றியுள்ள தண்ணீர்தான் சூட்டைத் தணிக்கிறது. அது இல்லாமல் ஓடினால் மோட்டாருக்குள் தண்ணீர் புகாமல் தடுக்கும் சீல் போகும், மோட்டாரின் கம்பிச் சுருள் (வைண்டிங்) கருகும். எங்களுடையது கருகிவிட்டது. மழை மறுபடி வலுத்தபோது குழி நிரம்பி வழிந்தது. பம்பைத் தூக்கிப் பார்த்தபோது மிதவையின் ஒரு பக்கத்தில் பைப் உரசிய வெள்ளைக் கோடு அப்படியே இருந்தது. அதைப் போட்டோ எடுத்து அனுப்பியும், "தண்ணியில்லாம ஓட்டியிருக்கீங்க, வாரண்டி கிடையாது" என்பதுதான் பதில். பொருத்தியவர் உங்கள் ஆள்தானே என்று கேட்டால், அதற்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை என்றார்கள்.

நான்-ரிட்டர்ன் வால்வும் வைக்கவில்லை என்பது பைப்பைக் கழற்றியபோதுதான் தெரிந்தது. அது இல்லாவிட்டால் பம்ப் நின்றதும் பைப்பில் இருக்கும் தண்ணீர் திரும்பக் குழிக்கே வரும். அதே தண்ணீரை மீண்டும் மீண்டும் ஏற்றி மோட்டார் தேயும்.

பெரிய ஹெச்பிதான் பாதுகாப்பு என்று சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். சின்னக் குழியைப் பெரிய பம்ப் நொடியில் காலி செய்து நிற்கும், உடனே மறுபடி ஓடும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் மோட்டார் இழுக்கும் மின்சாரம் பல மடங்கு. அந்தச் சூட்டிலேயே ஆயுள் போய்விடும். உங்களுக்கு எவ்வளவு தேவை என்பதை நீங்களே அளக்கலாம். நல்ல மழையில் பம்பைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு, நிமிடத்துக்குக் குழியில் எத்தனை சென்டிமீட்டர் ஏறுகிறது என்று பாருங்கள். 45 செ.மீ. விட்டமுள்ள வட்டக் குழியில் 1 செ.மீ. என்றால் சுமார் 1.6 லிட்டர். நிமிடத்துக்கு 5 செ.மீ. ஏறினால் மணிக்கு 480 லிட்டர் மாதிரி வரும். அதைப் போல இரண்டு மடங்கு, உங்கள் உயரத்தில், வரைபடத்தின்படி தரும் பம்ப் போதும். எங்களுக்கு அரை ஹெச்பியே தாராளம் என்று அப்புறம் வந்த வேறொரு மெக்கானிக் அளந்து காட்டினார்.

பெருமழையில் கரண்டும் போகும். பேட்டரியில் ஓடும் துணைப் பம்பைப் பற்றி எங்கள் கடைக்காரர் வாயே திறக்கவில்லை. நீங்கள் கேளுங்கள். தண்ணீரை அஸ்திவாரத்தை விட்டு எவ்வளவு தள்ளி விடப்போகிறார்கள் என்றும் கேளுங்கள். சுவரோரம் விட்டால் அதே தண்ணீர் மண்ணில் இறங்கித் திரும்ப உள்ளேதான் வரும்.

பில்லில் பம்பின் மாடல், ஃப்ளோட் வகை, பைப் அளவு, வால்வு, பொருத்தியது யார் பொறுப்பு என்பது எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். எழுதித் தர மறுத்தால் வேறு கடை பாருங்கள். மாட்டி முடித்ததும் ஃபிட்டரை நிற்கவைத்து, குழியில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுங்கள். மிதவை எங்கும் உரசாமல் ஏறி, பம்ப் தானாக ஓடி, தானாக நிற்க வேண்டும். நின்ற பிறகு பைப்பிலிருந்து தண்ணீர் திரும்பி வரக்கூடாது. இதை இரண்டு மூன்று முறை பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.