கேழ்வரகு இலைக்கு எந்த ஆன்டிபாடி: முயலா, சுண்டெலியா?

ஒளிச்சேர்க்கையில் கார்பனைப் பிடிக்கும் பெப் கார்பாக்சிலேஸ் நொதி, வறட்சியில் கேழ்வரகு இலையில் கூடுகிறதா, குறைகிறதா என்று வெஸ்டர்ன் பிளாட்டில் பார்க்க வேண்டியிருந்தது. புரதங்களை எடைவாரியாகப் பிரித்து, மெம்பரேன் என்ற மெல்லிய தாளுக்கு ஏற்றி, வேண்டிய புரதத்தை ஒட்டிப் பிடிக்கும் ஆன்டிபாடியால் அடையாளம் காணும் முறை அது. இரண்டு ஆன்டிபாடிகள் கிடைத்தன: சுண்டெலி மோனோகுளோனல் (ஒரே வகை ஆன்டிபாடி), முயல் பாலிகுளோனல் (பல வகைக் கலவை). இரண்டுமே மக்காச்சோள நொதிக்கு எதிராக எடுத்தவை. இப்போது என் ஃப்ரீசரில் இருப்பது முயல்தான்.

மோனோகுளோனலின் பெருமை தெரிந்ததே. 1975-இல் கோலரும் மில்ஸ்டைனும் காட்டிய ஹைப்ரிடோமா (ஆன்டிபாடி சுரக்கும் செல்லைப் புற்றுநோய் செல்லோடு இணைத்த கலப்பு) செல் உயிரோடு இருக்கும்வரை அதே ஆன்டிபாடி வந்துகொண்டிருக்கும். பின்னணிக் கறையும் குறைவு.

ஆனால் அது நொதியின் ஒரே ஓர் இடத்தைத்தான் பிடிக்கும். அந்த இடத்தில் நம் செடியில் ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தாலே ஆன்டிபாடி ஒட்டாமல் போகலாம். எனக்கு அதுதான் நடந்தது. எல்லாப் புரதத்தையும் காட்டும் பொன்சோ சாயத்தில் எல்லா லேனிலும் (ஒவ்வொரு மாதிரியும் ஓடும் தடம்) 55 கிலோடால்டன் எடை அருகே, இலையில் மிகுதியாக உள்ள ரூபிஸ்கோ புரதம் தடித்த சிவப்புப் பட்டையாகத் தெரிந்தது. புரதம் ஒழுங்காகவே மெம்பரேனுக்கு ஏறியிருந்தது. ஆன்டிபாடி போட்டதும் மக்காச்சோள லேனில் 110 கிலோடால்டன் அருகே நொதியின் அழகான பேண்ட் (பட்டை), கேழ்வரகு லேன்கள் அத்தனையும் காலி. கேழ்வரகு சி4 பயிர், அதாவது இந்த நொதியைக் கொண்டே கார்பனை முதலில் பிடிக்கும் வகை; இந்த நொதி இல்லாமல் இருக்க வழியே இல்லை. பக்கத்தில் மக்காச்சோளம் மட்டும் ஓடாதிருந்தால், வறட்சியில் நொதி அழிந்துவிட்டது என்றே எழுதியிருப்பேன். அதை நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

முயல் சீரத்தில் (ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரில்) நொதியின் பல இடங்களைப் பிடிக்கும் ஆன்டிபாடிகள் கலந்திருக்கும். ஓரிடம் மாறினாலும் மற்றவை பிடித்துக்கொள்ளும். அதே மாதிரிகளை மறுபடி ஓட்டினேன், எல்லா லேனிலும் பேண்ட் வந்தது.

முயலிலும் தொல்லை உண்டு. இன்வர்டேஸ் போலச் சர்க்கரை ஒட்டிய நொதியைச் செடியிலிருந்தே பிரித்து ஊசி போட்டால், தாவரச் சர்க்கரைக்கும் சேர்த்தே ஆன்டிபாடி உருவாகும். அந்தச் சர்க்கரை வேறு பல புரதங்களிலும் இருப்பதால் லேன் முழுக்கப் பேண்டாக இருக்கும். அதற்கு, தாவரச் சர்க்கரை ஒட்டாத ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்த புரதம்தான் சரி. முயல் சீரம் பேட்சுக்குப் பேட்ச் மாறவும் செய்யும். ஒரே பேட்சைச் சிறு குழாய்களில் 10 மைக்ரோலிட்டராகப் பிரித்து உறைய வைத்து, மொத்த வறட்சி வரிசையையும் அதிலேயே முடித்தேன். முயலுக்கு ஊசி போடும் முன் எடுத்த சீரத்தையும், ஒப்பிட்டுப் பார்க்க, கேட்டு வாங்கிவிடுங்கள்.

ஒரே நொதியின் நெருங்கிய இரு வடிவங்களைப் பிரித்துக் காட்ட வேண்டுமென்றால் மோனோகுளோனலே தேவைப்படலாம். இலையை மெல்லிய சீவலாக வெட்டி மைக்ராஸ்கோப்பில் நொதி இருக்கும் செல்லைத் தேடும் வேலையை நான் இரண்டு முறைதான் செய்திருக்கிறேன். அங்கேயும் முயலே என்று தீர்ப்புச் சொல்ல அந்த அனுபவம் போதாது.