கீமோ மாதங்களில் தூக்கம்: நடையா, ரப்பர் பேண்டா, யோகாவா?

மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவர்களுக்குத் தூக்கம் இரண்டு விதமாகக் கெடும். ஊசி போட்ட முதல் இரண்டு மூன்று ராத்திரி கொட்டக் கொட்ட விழிப்பு. அதற்கப்புறம் பகலெல்லாம் அசதியில் கண் அசந்துவிட்டு ராத்திரி புரண்டு புரண்டு படுப்பது. முதலாவதற்குப் பெரும்பாலும் வாந்தியும் ஒவ்வாமையும் வராமலிருக்கத் தரும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்துதான் காரணம். எந்தப் பயிற்சியும் அதை வெல்லாது. அதன் சாயங்கால மாத்திரையைக் காலைக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக மாற்ற வேண்டாம். பயிற்சிக்கு வேலை இருப்பது இரண்டாவது விதத்தில்.

நடை, ரப்பர் பேண்ட், யோகா மூன்றில் முதலிடம் நடைக்கு. கனடாவில் கீமோ எடுத்துக்கொண்டிருந்த 301 மார்பகப் புற்றுநோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 2014-இல் வெளியானது. வாரம் மூன்று முறை 25-30 நிமிடம் ஏரோபிக் பயிற்சி (வேக நடைபோல மூச்சு வாங்க வைப்பது) செய்தவர்களைவிட, 50-60 நிமிடம் செய்தவர்களுக்குத் தூக்கம் குறைவாகவே கெட்டது. ‘குறைவாகக் கெட்டது’ என்பதைக் கவனியுங்கள். சிகிச்சை நடக்கும்போது அதுவே லாபம். அதற்காக முதல் நாளே ஒரு மணி நேரம் நடக்கக் கிளம்பினால் மறுநாள் படுக்கைதான். பத்துப் பத்து நிமிடமாக மூன்று தடவை, பேச முடிகிற, ஆனால் பாட முடியாத வேகத்தில் நடந்தால் போதும். காலை வெளிச்சத்தில் நடந்தால் உடலின் கடிகாரமும் நேராகும். மொட்டை மாடியும் சரிதான். பகல் தூக்கத்தை மூன்று மணிக்கு முன் அரை மணிக்குள் முடிக்காவிட்டால், நடந்து சம்பாதித்தது அதிலேயே போய்விடும்.

இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பேண்ட் தூக்கத்துக்கு நேராக உதவுவதைவிட, கரையும் தசையைப் பிடித்து வைக்கும். பேண்டே இல்லாமலும் தொடங்கலாம்: சுவரோரம் நாற்காலியைப் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 8-10 முறை எழுந்து உட்காருங்கள். இரண்டு நிமிடம் விட்டு இன்னொரு சுற்று. எழும்போது மூச்சை அடக்காமல் வெளியே விடுங்கள். பேண்ட் இழுப்பதானால் வாரம் இரண்டு நாள், நடுவில் ஒரு நாள் ஓய்வு. கீமோ ஏற்றத் தோலுக்கடியில் போர்ட் என்ற சின்னக் கருவி வைத்த பக்கத் தோளையும், அக்குளில் நெறிக்கட்டி எடுத்த பக்கக் கையையும் மெதுவாகவே பழக்க வேண்டும். அந்தக் கை வீங்கினாலோ கனத்தாலோ நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் 50,000-க்குக் கீழே இறங்கினால் இழுப்புப் பயிற்சி வேண்டாம்.

யோகாவின் பெயர்தான் தூக்கத்தோடு அதிகம் அடிபடுகிறது. 2013-இல் அமெரிக்காவில் 410 பேரில் ஒரு பகுதியினருக்கு, வாரம் இரண்டு முறை 75 நிமிடம் என்று நான்கு வாரம் மென்மையான யோகா கற்றுக்கொடுத்த ஆய்வில் தூக்கம் மேம்பட்டது உண்மை. ஆனால் அவர்கள் சிகிச்சையை முடித்தவர்கள். கீமோவின்போதே 227 பெண்களில் ஒரு பகுதியினருக்குத் திபெத்திய யோகா கற்றுக்கொடுத்த 2018 ஆய்வில், மொத்தத்தில் வித்தியாசம் தெரியவில்லை. வாரம் இரண்டு முறையாவது விடாமல் செய்தவர்களுக்கே ஓரளவு பலன். ஆகவே கீமோ சமயத்தில் யோகாவைத் துணையாக வைத்துக்கொள்வதே நல்லது. படுக்கப்போகும் முன் பத்து நிமிடம் கெண்டைக்காலை நாற்காலிமேல் வைத்து மல்லாந்து படுத்து, மூச்சை உள்ளிழுப்பதைவிட நீளமாக வெளியே விட்டால் போதும். குமட்டலிருந்தால் தலை கீழே போகும் ஆசனங்களும் வேகவேகமாக மூச்சை வெளியே தள்ளும் கபாலபாதியும் வேண்டாம். எலும்புக்குப் பரவியிருந்தால், மருத்துவரைக் கேட்காமல் முறுக்குவதும் ஆழமாகக் குனிவதும் கூடாது.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ ஏற்றும் 21 நாள் சுழற்சியில் இப்படிப் பிரிக்கலாம்: முதல் மூன்று நாள் வீட்டுக்குள் ஐந்து நிமிட நடை, ராத்திரி மூச்சுப் பயிற்சி. 7 முதல் 14-ஆம் நாள் வரை ரத்த அணுக்கள் குறைந்து தொற்று எளிதில் ஒட்டுகிற காலம் என்பதால் ஜிம், கூட்டமான பூங்கா இரண்டும் வேண்டாம்; தெம்பு இருந்தால் மாடியில் நடக்கலாம். 100.4 டிகிரியோ அதற்கு மேலோ காய்ச்சல் என்றால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கடைசி வாரத்தில் நடையின் நேரத்தைக் கூட்டி, பேண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்தால் பாதம் மரத்துப்போனவர்கள் ரப்பர் செருப்பில் நடக்கக் கூடாது. குதிகாலைப் பிடிக்கும் ஷூ போட்டுக்கொண்டு, திரும்பி வந்ததும் பாதத்தில் கொப்புளம் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். மரத்த பாதத்தில் வலி தெரியாது.