கெல்சோவில் எங்கே தங்கலாம்: சதுக்கத்திலா, ஆற்றங்கரையிலா?

ஸ்காட்லாந்தின் தென்கிழக்கில், இங்கிலாந்து எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னச் சந்தை ஊர் கெல்சோ. அங்கே பழைய ஹோட்டல் என்று தேடினால் இரண்டு பெயர்கள் முதலில் வரும்: கிராஸ் கீஸ், எட்னம் ஹவுஸ். ஒன்றிலிருந்து மற்றதற்கு நடந்தே போய்விடலாம், சில நிமிடம்தான். இரண்டையும் கட்டியவர் ஒரே ஆள், ஜேம்ஸ் டிக்சன்.

சிறுவனாக இருந்தபோது சந்தைத் திடலில் இருந்த தண்ணீர்த் தொட்டியை உடைத்துவிட்டு, அடிக்குப் பயந்து லண்டனுக்கு ஓடிப்போனாராம். இது ஊரில் சொல்லும் கதை. பெரும் பணக்காரராகத் திரும்பி வந்து, 1761-இல் தனக்கென்று ஆற்றோரம் ஒரு மாளிகை எழுப்பினார். அதுதான் இன்றைய எட்னம் ஹவுஸ். 1769-இல் சதுக்கத்தில் பயணிகளுக்காகக் கட்டியது கிராஸ் கீஸ். முன்னது வீடாகப் பிறந்தது, பின்னது சத்திரமாகவே பிறந்தது. தங்கப் போகிறவர் இதை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும், பாதி முடிவு எடுத்த மாதிரி.

கிராஸ் கீஸ், குதிரை வண்டிகள் வந்து நின்று புறப்பட்ட காலத்துச் சத்திரம். இப்போது தெரியும் முகப்பு பிற்காலத்தில் மாற்றியது. ஆனால் ஜன்னலுக்கு வெளியே விரியும் கல் பாவிய சதுக்கத்துக்கு ஈடு இல்லை. அதே சதுக்கத்தில் 1816-இல் கட்டிய டவுன் ஹால். கடைகள், தேநீர், பஸ் எல்லாம் காலடியில். கார் ஓடும் சத்தமும் ஆள் சத்தமும் கூடவே வரும். தூக்கம் லேசாக உள்ளவர்கள் யோசிக்க வேண்டும்.

எட்னம் ஹவுஸில் சதுக்கம் மறந்துபோகும். உள்ளே உட்கூரையில் சுதை வேலைப்பாடு, வெளியே புல்வெளி, அதைத் தாண்டி ட்வீட் ஆறு. டெவியட் ஆறு வந்து அதில் கலக்கும் இடமும் பக்கத்தில்தான். சால்மன் மீன் தூண்டிலுக்குப் பேர்போன ஜங்ஷன் பூல் என்ற மடு அங்கேதான் இருக்கிறது. பிப்ரவரி 1 முதல் நவம்பர் 30 வரை மீன்பிடி காலம், ஞாயிறு விடுமுறை. தூண்டில் போடாதவர்களும் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்பவர்களைப் பார்த்துக்கொண்டே ஒரு காலைப்பொழுதைக் கழிக்கலாம்.

கொஞ்சம் நடந்தால் ஜான் ரென்னி 1803-இல் முடித்த ஐந்து வளைவுப் பாலம். பிறகு லண்டனில் அவர் வடிவமைத்த வாட்டர்லூ பாலத்துக்கு இதுதான் முன்மாதிரி. அந்த லண்டன் பாலத்தை இடித்தபோது, அதன் விளக்குக் கம்பங்களில் இரண்டை இங்கே கொண்டுவந்து நட்டார்கள். மகன் போனபின் அவன் பொருளைத் தாய் வீட்டில் வைத்ததுபோல எனக்குத் தோன்றும்.

ஒரே இரவு, கையில் கார் இல்லை என்றால் கிராஸ் கீஸ். கெல்சோவில் ரயில் 1964-இலேயே நின்றுவிட்டது. பெரிக் அல்லது ட்வீட்பேங்க் ரயில் நிலையத்தில் இறங்கி பஸ்ஸில்தான் வரவேண்டும், பெட்டியோடு அதிகம் நடக்க முடியாது. இரண்டு இரவு கிடைத்தால் நான் எட்னம் ஹவுஸைத்தான் சொல்வேன். ஜூனில் போனால் இரவு பத்து மணிக்கும் ஆற்றில் வெளிச்சம் இருக்கும். முன்பதிவு செய்யும்போதே, அறை ஆற்றைப் பார்த்து இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.