நிமிர்ந்தால் வழுக்கும் லென்ஸ்

நிலாவைப் படமெடுக்க 150-600 மி.மீ. ஜூம் லென்ஸ் வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். நேரம் பார்த்துக் கேட்டார். என்னுடையது பழுதுபார்க்கப் போய் வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அதற்குள் பழைய குருடி கதவைத் திறடி.

நேராகப் பிடித்தால் ஒரு தொல்லையும் இல்லை. மேல்நோக்கித் திருப்பி 600-இல் வைத்தால் முன்குழல் தன் எடைக்கே மெல்ல உள்ளே இறங்குகிறது. திரும்பிப் பார்ப்பதற்குள் 500. ஜூம் நகர்ந்தால் ஃபோகஸும் போச்சு. திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி, நிலாப் பள்ளத்தின் விளிம்பு கூராகும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்பியதெல்லாம் வீண். நிலாவோ இரண்டு நிமிடத்தில் தன் அகலத்துக்கு நகர்ந்துவிடும்; முக்காலியைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை தொடும்போதும் குழல் இன்னும் கொஞ்சம் இறங்கும். பூட்டு உண்டு, 150-இல் மட்டும் பூட்டும். பையில் வைக்க வசதி!

பழுதுபார்த்தவர்கள் “கனமான லென்ஸ் சார், அப்படித்தான் இருக்கும்” என்றார்கள். நிலா தாழ்வாக இருக்கையில் எடுத்தால் வழுக்காது, சரி. ஆனால் அடிவானத்தருகே நிறையக் காற்றைத் தாண்டி வர வேண்டிய ஒளி அது. விளிம்பெல்லாம் ஓடைத் தண்ணீருக்கடியில் கிடக்கும் நாணயம்போல் நெளியும். உச்சிக்கு ஏறினால்தான் தெளிவு. அங்கேதான் இந்த லென்ஸ் காலை வாருகிறது.

நல்லதையும் சொல்ல வேண்டும். முழுநிலவை விடுங்கள், வெயில் நேராக விழுவதால் நிழலே இல்லாமல் தட்டையாக வரும். அரைநிலவுக்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ, இருளும் ஒளியும் சேரும் கோட்டருகே கோப்பர்நிக்கஸைத் தேடுங்கள். 93 கி.மீ. அகலப் பள்ளம். ஒரு இரவு அதன் விளிம்பு மட்டும் மோதிரம்போல் மின்னியது, உள்ளே கும்மிருட்டு. நள்ளிரவு தாண்டி எடுத்த படத்தில் அந்த இருட்டின் நடுவே ஒரே ஒரு வெளிச்சப் புள்ளி. பள்ளத்துக்குள் இருக்கும் மலையின் உச்சியில் அப்போதுதான் விடிந்திருக்கிறது! 600-இல் நிலா முழுவதுமே சென்சாரில் ஐந்தரை மி.மீ.தான், அதற்குள் இத்தனையும் தெரிகிறது.

அப்புறம், நிலா வெள்ளைக் கட்டியாக வருகிறது என்பவர்களுக்கு: கேமரா கறுப்பு வானத்தைப் பார்த்து ஏமாறுகிறது. மேனுவலில் எஃப் 8 (லென்ஸ் துளை அளவு), ஐஎஸ்ஓ 200 (ஒளியுணர்திறன்). முழுநிலவுக்கு 1/400, அரைநிலவுக்கு 1/125 நொடியில் தொடங்குங்கள்.

குழலில் ஒரு அகன்ற ரப்பர் பட்டை மாட்டி ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். போன வாரம் கேட்டிருந்தால் யோசிக்காமல் வாங்குங்கள் என்றிருப்பேன். நேற்று நிலா உச்சியில் இருக்கும்போது பட்டை அறுந்தது. நண்பரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். “அப்படியென்றால் உங்களுடையதை எனக்குக் கொடுத்துவிடுங்கள்” என்றார். பட்டை வாங்கக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன், இன்னும் பதில் அனுப்பவில்லை.