கரண்ட் போனாலும் பாட வேண்டும்: வீட்டு இணைய வானொலிக்கு எந்த மென்பொருள்?

கோவையை அடுத்த விசைத்தறி ஊரான சோமனூர்ப் பக்கம் கரண்ட் போனால் முதலில் தெரிவது இருட்டு இல்லை, சத்தம் நிற்பது. எங்கள் பன்னிரண்டு தறியும் ஒரே மூச்சில் ஓய்ந்துவிடும். காதுக்குள் ஓர் இரைச்சல் மட்டும் கொஞ்ச நேரம் மிச்சம் இருக்கும். அப்புறம் தறிக்காரர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து போனை எடுப்பார்கள். எங்கள் வானொலியைக் கேட்க அவர்களுக்கு வாகான நேரம் அதுதான். தறி ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலே கேட்காது, பாட்டா கேட்கப் போகிறது?

வானொலி ஓடிய கணினியும் அதே டிரான்ஸ்பார்மரில்தான் இருந்தது. கேட்க ஆள் வந்து உட்காரும் நேரத்தில் நிலையம் செத்துக் கிடக்கும். இந்தச் சங்கடத்தை வைத்துக்கொண்டுதான் நானும் மச்சானும் ஆள் உட்காராமலே பட்டியல்படி பாட்டுப் போடும் மூன்று தானியங்கி மென்பொருள்களை ஒன்று மாற்றி ஒன்று ஓட்டிப் பார்த்தோம். எதில் என்ன வசதி என்ற பட்டியல் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். இங்கே சொல்லப் போவது எங்கள் தறிக்குடோனை ஒட்டிய அறையில் அவை எப்படி நடந்துகொண்டன என்பதை.

நிலையம் பெரிது ஒன்றும் இல்லை. காலை ஆறு மணிக்கு உடுக்கைப் பாட்டு, பதினொரு மணிக்குப் பெரியவர்களிடம் பேசிப் பதிந்தது, மத்தியானம் நூல் விலைப் பேச்சு, சாயங்காலம் வள்ளிக்கும்மி. மற்ற நேரத்தில் கையில் உள்ளதைக் கலந்து போடுவது. எல்லாம் சேர்த்து அறுபது மணி நேரச் சரக்கு. சினிமாப் பாட்டு கிடையாது. நிர்ணயித்த கட்டணத்தைக் கட்டிவிட்டு வானொலிகள் பாட்டுப் போட வழி செய்யும் 31டி பிரிவு, 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்ந்தது. அது இணைய ஒலிபரப்புக்குப் பொருந்தாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2019-ல் சொல்லிவிட்டது. ஒவ்வொரு கம்பெனியாகப் போய்ப் பேசி உரிமை வாங்க நமக்கு ஏது வசதி? பாடுகிறவரிடம் சம்மதம் கேட்டு நாங்களே பதிந்தது மட்டும்தான் எங்கள் முதல்.

“எஃப்எம்-ல வராதுங்களா?” என்று கேட்காத ஆளில்லை. வராதுங்க. உரிமம் இல்லாமல் டிரான்ஸ்மிட்டர் வைத்து ஒலிபரப்பினால் குற்றம். சமுதாய வானொலி உரிமம் கல்வி நிறுவனம், வேளாண் அறிவியல் நிலையம், பதிவு பெற்ற தொண்டு அமைப்பு போன்றவற்றுக்குத்தான். தனி ஆளுக்குத் தர மாட்டார்கள். கோவையில் பி.எஸ்.ஜி. 107.8-ல் நடத்துவது அந்த வகை. பொழுதுபோக்காக வானொலி அலைகளில் பேசிக்கொள்ளும் ஹாம் உரிமம் வைத்திருப்பவரும் பாட்டுப் போடக் கூடாது. ஆக, பொழுதுபோக்காக நடத்துகிறவர்களுக்கு இணையம்தான் கதி.

சரி, மென்பொருளுக்கு வருவோம்.

முதலில் வைத்தது ரேடியோடிஜே. விண்டோஸில் ஓடும், காசு கிடையாது. ஆனால் நிரலை யாரும் பார்த்து மாற்றிக்கொள்ளக்கூடிய திறந்த மூல மென்பொருள் இல்லை. பின்னால் மைஎஸ்க்யூஎல் அல்லது மரியாடிபி தரவுத்தளம் ஒன்று ஓட வேண்டும். அதை நிறுவி, கடவுச்சொல் கொடுத்து, இரண்டையும் கோத்துவிடுவதுதான் புதியவருக்கு முதல் கண்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்கே போனது. அதைத் தாண்டினால் மிக இணக்கமான மென்பொருள். ஒரு ஜிங்கிள் (நிலையத்தின் அடையாளமாக வரும் குட்டி ஒலி), இரண்டு கும்மி, ஒரு பேச்சு, மறுபடி ஒரு உடுக்கை என்று வரிசை ஒன்றைக் கட்டிக் கொடுத்தால், அந்த வரிசைப்படி ஒவ்வொரு வகையிலிருந்தும் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டே இருக்கும். இத்தனை மணிக்கு இதைப் போடு என்று நேரக் கட்டளையும் வைக்கலாம்.

எனக்கு அதில் பிடித்தது தொடக்கப் புள்ளி வைக்கும் வசதி. எங்கள் பதிவுகள் ஸ்டுடியோவில் எடுத்தவை இல்லை. உடுக்கைக்காரர் தோலை இழுத்துச் சரி பார்ப்பார், இருமுவார், “ஆரம்பிக்கலாங்களா?” என்று கேட்பார், அதற்குள் ஒரு டீ வந்துவிடும். கோப்பை வெட்டாமலே, முதல் அடி விழும் இடத்தில் ஒரு குறி வைத்தால் அங்கிருந்து பாடும். முடிவில் அடுத்தது எங்கே நுழைய வேண்டும் என்பதற்கும் குறி உண்டு. வெட்டாத மூலக் கோப்பு அப்படியே பத்திரமாக இருக்கும். அந்த இருமலும் டீயும்கூட ஒரு காலத்தில் யாருக்காவது வேண்டியிருக்கும் என்பது என் எண்ணம்.

இடறியது வேறு இடத்தில். ஒரே பாடகர் அடுத்தடுத்து வராமல் இருக்க இத்தனை நிமிட இடைவெளி என்று விதி வைக்கலாம். நான் பெரிய வானொலிகளைப் பார்த்த நினைப்பில் அறுபது நிமிடம் வைத்தேன். எங்களிடம் இருந்ததே ஏழு பாடகர்கள். ஏழு பேரும் பாடி முடித்ததும் தேர்வு செய்ய ஆளில்லாமல் மென்பொருள் கையை விரித்தது. சின்ன நிலையத்தில் இந்த விதிகளை எவ்வளவு தளர்த்த முடியுமோ அவ்வளவு தளர்த்தி வைக்க வேண்டும்.

இணையத்துக்கு அனுப்ப ‘பட்’ என்ற இன்னொரு சின்ன மென்பொருளைப் பக்கத்தில் ஓட்டினோம். கணினியின் ஒலியை அப்படியே பிடித்து, கேட்பவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஐஸ்காஸ்ட் சர்வருக்குத் தள்ளுவது அதன் வேலை. அப்படியே என்றால் அப்படியேதான். அறிவிப்பு ஒலியை அணைக்க நான் மறந்திருந்தேன். கொங்கு நாட்டுக் கதைப்பாட்டான அண்ணமார் சாமி கதையில் ஒப்பாரி உச்சத்தில் இருக்கும்போது யாரோ அனுப்பிய மின்னஞ்சலுக்கு ‘டிங்’ என்று ஒரு சத்தம். மச்சானின் அத்தை திருப்பூரிலிருந்து போன் போட்டு, “கோயில் மணியாங் கண்ணு அது?” என்று கேட்டார். ஒரு மென்பொருளின் ஒலியை இன்னொன்றுக்குக் கடத்தும் மெய்நிகர் கேபிள் என்ற மென்பொருளைப் போட்டு ரேடியோடிஜேயின் ஒலியை மட்டும் தனியே கொண்டுபோன பிறகுதான் அந்த மணி நின்றது.

கரண்டுக்கு வருகிறேன். லேப்டாப்பில்தான் பேட்டரி இருக்கிறதே என்று தோன்றும். லேப்டாப் ஓடியது, ரூட்டர் நின்றது. ரூட்டருக்கு ஒரு குட்டி யுபிஎஸ் வாங்கி வைத்தோம். இப்போது ஊர்க்கோடியில் கம்பத்தில் தொங்கும் இணையப் பெட்டி நின்றது. அதற்கும் நாமா யுபிஎஸ் வைக்க முடியும்?

இரண்டாவது ரிவென்டெல். இது லினக்ஸில் ஓடும் திறந்த மூல மென்பொருள், நிஜ வானொலி நிலையங்களை மனதில் வைத்துக் கட்டியது. வீட்டுச் சமையலறைக்குள் கல்யாணச் சமையல் அண்டாவைத் தூக்கி வைத்தது போல இருந்தது முதலில். ஒவ்வொரு பாட்டுக்கும் ஆறு இலக்க எண் கொண்ட ஒரு ‘கார்ட்’. பழைய நிலையங்களில் ஜிங்கிள் போட வைத்திருந்த டேப் கார்ட்ரிட்ஜிலிருந்து வந்த பெயர் அது. ஒரு கார்டுக்குள் பல ‘கட்’டுகள் இருக்கலாம், ஒவ்வொன்றுக்கும் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்தக் கிழமை என்று வரையறை வைக்கலாம்.

நூல் விலைப் பேச்சுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. அட்டவணையில் ஒரே எண், அது மாறவே மாறாது. மச்சான் புதிதாகப் பேசிப் பதிந்து ஒரு குறிப்பிட்ட ஃபோல்டரில் போட்டால் போதும். ரிவென்டெல் அதைத் தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். போன மாத விலை இந்த மாதம் தவறி ஒலிக்காது. மற்ற இரண்டிலும் பழைய கோப்பை நாங்களாகத்தான் ஞாபகம் வைத்து எடுத்துக்கொண்டிருந்தோம். ஒருமுறை எடுக்க மறந்து, பழைய விலையைக் கேட்ட ஒருவர் கடைக்கு வந்து எங்களோடு மல்லுக்கு நின்றார்.

ஆனால் வேலை அதிகம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு ‘கடிகாரம்’ வரைய வேண்டும். அந்தக் கடிகாரங்களை வாரத்தின் 168 கட்டங்களில் பொருத்த வேண்டும். அதிலிருந்து ஒவ்வொரு நாளுக்கும் பட்டியல் உருவாக்க வேண்டும். நாளைய பட்டியலை உருவாக்காமல் தூங்கிவிட்டால் நாளைக்கு மௌனம்தான். தானாக உருவாக்க வைக்கலாம், அதற்கும் லினக்ஸ் கட்டளைகளோடு கொஞ்சம் பழக்கம் வேண்டும். இடமும் தின்னும். நாங்கள் சுருக்காத அலைவடிவாகவே சேமித்தோம்: 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 690 எம்பி. எம்பி3-யில் நாலு ஜிபிக்குள் அடங்கிக் கிடந்த எங்கள் அறுபது மணி நேரம் நாற்பது ஜிபியைத் தாண்டியது. மூன்று மாதம் ஓட்டினேன். ஒரு கல்லூரியில் முறை வைத்து ஐந்தாறு மாணவர்கள் உட்காரும் அறை இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன். இரண்டு பேருக்கு, அதிலும் ஒருவர் பாதி நாள் தறியில் நிற்பவர் என்றால், இது பாரம். அதோடு, கரண்ட் போனால் இதுவும்தான் நிற்கும்.

மூன்றாவது அசுராகாஸ்ட். அடிப்படையே வேறு. இது நம் வீட்டில் இருப்பதில்லை, எங்கோ ஒரு தரவு மையத்தில் வாடகைக்கு எடுத்த லினக்ஸ் சர்வரில் உட்காரும். இதுவும் திறந்த மூலம். மென்பொருள்களைக் கட்டுக்கட்டாக இறக்கி ஓட்டும் டாக்கர் வழியாக நிறுவினால் பட்டியலை ஓட்டும் லிக்விட்சோப், கேட்பவர்களுக்கு அனுப்பும் ஐஸ்காஸ்ட், நிர்வாகப் பக்கம் எல்லாம் ஒரே மூட்டையாக வந்து இறங்கும். அப்புறம் எல்லா வேலையும் பிரவுசரில். பாட்டுகளை ஒருமுறை ஏற்றிவிட்டால் நம் கணினியை அணைத்துவிட்டுத் தூங்கலாம். சோமனூரில் கரண்ட் இருக்கிறதா இல்லையா என்பது அதற்குத் தெரியவே தெரியாது.

முதல் நாள் காலை ஆறு மணிக்கு எழுந்து காதில் வைத்தால் கும்மி ஓடுகிறது, உடுக்கையைக் காணோம். பதினொன்றரைக்குச் சாவகாசமாக வந்தது. நிலையத்தின் நேர மண்டலத்தை நான் மாற்றாமல் விட்டிருந்தேன். உலகப் பொது நேரத்தின் ஆறு மணி நமக்குப் பதினொன்றரை. நிறுவினால் முதலில் இதைப் பாருங்கள்.

குறையும் உண்டு. நேரத்துக்குப் போடச் சொன்னாலும், இயல்பாக விட்டால் ஓடுகிற பாட்டு முடியும்வரை காத்திருக்கும். எங்கள் உடுக்கைப் பாட்டு ஒன்று இருபத்திரண்டு நிமிடம். பதினொரு மணி நிகழ்ச்சி பதினொன்று பதினாலுக்குத் தொடங்கிய நாளும் உண்டு. குறுக்கே வெட்டிப் புகும்படி அமைக்கலாம், நான் அமைக்கவில்லை. பாடுகிறவரைப் பாதியில் நிறுத்த மனசு வரவில்லை, நூல் விலையா ஓடிவிடப் போகிறது? பாட்டுக்கு மேலே பேசுவது, ஜிங்கிளை மேலே தூவுவது போன்ற கை வேலைகளில் ரேடியோடிஜே அளவுக்கு இது வராது. மாதா மாதம் வாடகையும் இருக்கிறது. நாங்கள் எழுநூறு ரூபாய் சொச்சம் கட்டுகிறோம், மச்சான் அதை டீச் செலவில் எழுதச் சொல்கிறார்.

இன்னொரு கணக்கும் இதன் பக்கம்தான் சாய்கிறது. 64 கேபிபிஎஸ்-ல், அதாவது விநாடிக்கு 64 கிலோபிட் வீதம், ஒருவர் ஒரு மணி நேரம் கேட்டால் சுமார் 29 எம்பி. எட்டு மணி நேர ஷிப்ட் முழுக்கக் கேட்டால் 230 எம்பி, தினசரி டேட்டா பேக்குக்குள் அடங்கும். அதையே 128 ஆக்கினால் இரட்டிப்பு. பேச்சும் உடுக்கையும் ஓடும் நிலையத்துக்கு 64 போதும். ஆனால் நூறு பேர் ஒரே நேரத்தில் கேட்டால் வெளியே போக வேண்டியது 6.4 எம்பிபிஎஸ். வீட்டு இணைப்பிலிருந்து அதை நேரடியாகக் கொடுப்பது தொல்லை. பல இணைப்புகளில் வெளியிலிருந்து உள்ளே வரப் பொது ஐபி முகவரியே கிடைக்காது. ஆகவே ரேடியோடிஜேயோ ரிவென்டெலோ எதை வைத்தாலும் வெளியே ஒரு ஐஸ்காஸ்ட் சர்வர் எப்படியும் வேண்டும். அதற்குக் கொடுக்கும் வாடகையை நிலையம் முழுவதற்குமே கொடுத்துவிட்டால் என்ன என்பதுதான் எங்களை இந்தப் பக்கம் தள்ளியது.

வேறு சில பெயர்களும் காதில் விழும். மிக்ஸ் என்பது டிஜேக்களுக்கானது. திறந்த மூலம், ஐஸ்காஸ்டுக்கு நேரே அனுப்பும், பட்டியலைத் தானாக ஓட்டும், ஆனால் மணி பார்த்து எதையும் போடத் தெரியாது. ஏர்டைம் என்ற வானொலி மென்பொருளிலிருந்து 2017-ல் பிரிந்து வந்த லிப்ரடைமில் நாட்காட்டி மாதிரி நிகழ்ச்சிகளை அடுக்கலாம். பலர் பங்கெடுக்கும் நிலையத்துக்கு நல்லது. நிரல் எழுத ஆசை இருந்தால் லிக்விட்சோப்பை மட்டும் தனியாக வைத்துக்கொண்டு, நேரலை வந்தால் நேரலை, இல்லையென்றால் பட்டியல் என்று நாலு வரியில் ஒரு நிலையத்தையே நடத்தலாம். மச்சானிடம் இதைச் சொன்னேன். “நாலு வரியில ஒண்ணு தப்பாச்சுன்னா யாருங்க பார்க்கறது?” என்றார். நியாயம்தான்.

எதை வைத்தாலும் ஒலி அளவைச் சரி செய்துவிட்டே ஏற்ற வேண்டும். போனில் பதிந்த பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வரும், உடுக்கை காதைப் பிளக்கும். ஏற்றும் முன்பே ஒலி திருத்தும் மென்பொருளான ஆடாசிட்டியில் எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிடுகிறேன்.

இப்போது அசுராகாஸ்ட் ஓடுகிறது. நேரலைக்கு மட்டும் பழைய லேப்டாப்பில் பட். போன மாதம் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதுக்குக் கரண்டை எடுத்தார்கள். தறி ஓய்ந்தது. மச்சான் லேப்டாப்பை வேப்பமரத்தடிக்குத் தூக்கி வந்து, போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, தன் அப்புச்சியை (அம்மாவின் அப்பா) அண்ணமார் கதை சொல்ல உட்கார வைத்தார். முக்கால் மணி நேரம் நேரலை போனது. பன்றி வேட்டை தொடங்கிய இடத்தில் லேப்டாப் பேட்டரி தீர்ந்தது. நேரலை அறுந்ததும் சர்வர் தானாகப் பட்டியலுக்குத் தாவி, வெளியூரில் கேட்டவர்களுக்குக் கும்மி போனது. அப்புச்சிக்கு இதெல்லாம் தெரியாது. அணைந்த லேப்டாப்பைப் பார்த்துக் கையை ஓங்கி ஓங்கிச் சொல்லிக்கொண்டிருந்தார். தறிக்காரர்கள் போனை மடியில் வைத்துவிட்டு அவர் வாயைப் பார்த்தார்கள். மச்சானும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.