லாகின் டோக்கனை எங்கே வைப்பது: லோக்கல் ஸ்டோரேஜா, குக்கியா?

லாகின் டோக்கன் என்பது உள்நுழைந்தவர் யார் என்று சர்வருக்குக் காட்டும் அடையாளச் சீட்டு. அதை லோக்கல் ஸ்டோரேஜில், அதாவது பிரவுசர் ஒவ்வொரு தளத்துக்கும் ஒதுக்கும் சேமிப்பிடத்தில், வைப்பது சுலபம், ஒரே வரியில் வேலை முடிந்துவிடும். ஆனால் அந்தத் தளத்தில் ஓடும் எந்த ஜாவாஸ்கிரிப்ட்டும் அதைப் படிக்கலாம். நீங்கள் எழுதியது மட்டுமல்ல, விளம்பரத்துக்கும் சாட் பெட்டிக்கும் வெளியிலிருந்து இழுத்துப்போட்ட ஸ்கிரிப்ட்டும்தான். 2018-இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற பேக்கேஜ் (என்பிஎம் என்ற பொதுக் களஞ்சியத்தில் கிடைக்கும் ஆயத்த கோடு) வழியாக பிட்காயின் வாலட் சாவிகளைத் திருடும் கோடு நுழைந்ததே, அந்தப் பேக்கேஜைத் தங்கள் ப்ராஜெக்ட்டில் சேர்த்தவர்கள் ஒன்றும் ஏமாளிகள் இல்லை. அப்புறம், பிரவுசரை மூடினாலும் லோக்கல் ஸ்டோரேஜில் வைத்தது அழியாது.

ஹெச்டிடிபிஒன்லி குக்கியில் (ஜாவாஸ்கிரிப்ட் படிக்க முடியாதபடி குறியிட்ட குக்கி) அந்தப் பயம் இல்லை. கன்சோலில் ‘டாக்குமென்ட்.குக்கி’ என்று தட்டினாலும் டோக்கன் கண்ணில் படாது, பிரவுசரே கோரிக்கையோடு சேர்த்து அனுப்பிவிடும். தலைவலியும் அதில்தான்: வேறொரு தளம் உங்கள் பெயரில் கோரிக்கை போக வைக்கலாம். வேறு தளத்திலிருந்து கிளம்பும் கோரிக்கையோடு குக்கி போகலாமா என்று சொல்லும் சேம்சைட் அமைப்பை லாக்ஸ் அல்லது ஸ்ட்ரிக்ட் என்று வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஹெச்டிடிபிஎஸ் இணைப்பில் மட்டும் குக்கியை அனுப்பச் சொல்லும் செக்யூர் குறியையும் போட்டுவிடுங்கள்.

சரி, எக்ஸ்எஸ்எஸ் ஓட்டை (பிறர் தங்கள் ஸ்கிரிப்ட்டை உங்கள் தளத்தில் ஓட வைக்க வழி) இருந்தால் குக்கியும் முழுக் காப்பு இல்லை. டோக்கனை எடுத்துப்போக முடியாவிட்டாலும், பக்கம் திறந்திருக்கும்வரை உங்கள் பெயரில் எதையாவது செய்துவிடலாம். இருந்தாலும் என் ஓட்டு குக்கிக்கே. டார்க் மோட், மொழித் தேர்வு மாதிரி சமாசாரங்களுக்கு லோக்கல் ஸ்டோரேஜ் தாராளமாகப் போதும்.